காரில் துப்பாக்கி: கிளவ் பாக்ஸா, இரும்புப் பெட்டியா, வீட்டிலேயே விட்டுவிடுவதா?

அமெரிக்காவில், டெக்சஸ் மாதிரி மாநிலத்தில் கைத்துப்பாக்கி வாங்குவது பெரிய காரியம் இல்லை. கடைக்குப் போய், 4473 என்ற மத்திய அரசுப் படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையில் சிக்கல் எதுவும் வராவிட்டால் அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்கள். ஊரில் ஆயுத உரிமத்துக்காகக் கலெக்டர் ஆபீஸ் படியேறியவர்களையும், தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை எடுத்துப்போய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தவர்களையும் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தச் சுலபமே ஒரு திகைப்பு. வாங்கி முடித்த பிறகுதான் அடுத்த கேள்வி வருகிறது: இதை எங்கே வைப்பது? வீட்டுக்கு ஒரு சேஃப் வாங்கிவிடலாம். ஆனால் நம்மவர்களில் பலர் துப்பாக்கி வாங்கச் சொல்லும் காரணம் வீடு இல்லை, சாலை. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து திரும்புவது, ஆள் நடமாட்டம் இல்லாத கேஸ் ஸ்டேஷன், டல்லாஸிலிருந்து ஹூஸ்டனுக்குத் தனியாக ஓட்டுவது. அதனால் கை தானாகக் காரின் கிளவ் பாக்ஸ் பக்கம் போகிறது.

நம் முன்னால் இருப்பவை நான்கு வழிகள். ஒன்று, கைக்கெட்டும் இடத்தில், அதாவது கிளவ் பாக்ஸிலோ கன்சோலிலோ (முன் சீட்டுகளுக்கு நடுவில் உள்ள பெட்டி) சீட்டுக்கடியிலோ, எப்போதும் காரிலேயே விட்டுவைப்பது. இரண்டு, காரிலேயே, ஆனால் சட்டகத்தோடு பிணைத்த இரும்புப் பெட்டிக்குள். மூன்று, உடம்போடு வைத்துக்கொண்டு, துப்பாக்கிக்கு அனுமதி இல்லாத இடத்துக்குள் நுழையும்போது மட்டும் பெட்டிக்குள் போடுவது. நான்கு, வீட்டு சேஃபிலேயே வைத்துவிட்டு, ஷூட்டிங் ரேஞ்சுக்குப் போகும் நாளில் மட்டும் டிக்கியில் ஏற்றுவது. என் முடிவை இப்போதே சொல்லிவிடுகிறேன். முதல் வழி யாருக்கும் வேண்டாம். மூன்றாவதைத் தினமும் ஒழுங்காகச் செய்யக்கூடியவர்கள் குறைவு. அவர்களுக்கு அதுவே சரி. மற்ற எல்லோருக்கும் நான்காவது. இரண்டாவது தனியாக ஒரு வழியே இல்லை, மூன்றாவதன் ஒரு பகுதி, அவ்வளவுதான்.

முதலில் விசாவைப் பாருங்கள்

அமெரிக்க நண்பர்கள் தரும் அறிவுரையில் இந்தப் பகுதி வராது, ஏனென்றால் அவர்களுக்கு அது தேவைப்படவில்லை. மத்தியச் சட்டத்தின் 922(ஜி) பிரிவுப்படி, ஹெச்-1பி, ஹெச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே குற்றம். விதிவிலக்குகள் சில உண்டு. அவற்றில் நமக்குப் பொருந்தக்கூடியது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது. கிரீன் கார்டு வந்துவிட்டால் இந்தத் தடை இல்லை. தண்டனை அதிகபட்சம் 10 ஆண்டாக இருந்தது, 2022-ல் 15 ஆண்டாக உயர்த்தப்பட்டது.

இதற்கும் காருக்கும் என்ன சம்பந்தம் என்றால், கார் குடும்பத்துக்குப் பொதுவானது. கணவர் கிரீன் கார்டு, மனைவி இன்னும் தன் சொந்த ஹெச்-1பி-யில். அல்லது மகன் குடிமகன், பேரனைப் பார்க்க வந்திருக்கும் அப்பா வருகையாளர் விசாவில். காலையில் காரை எடுத்துக்கொண்டு இந்தியன் ஸ்டோருக்குப் போகிறார். கன்சோலில் துப்பாக்கி இருப்பது அவருக்குத் தெரியும், சாவியும் அவர் கையில். சட்டத்தின் பார்வையில், இடுப்பில் செருகியிருந்தால்தான் வைத்திருப்பதாக அர்த்தம் என்பதில்லை. இருப்பது தெரிந்து, அது தன் கட்டுப்பாட்டிலும் இருந்தால் போதும் என்று அரசுத் தரப்பு வாதாட முடியும். ஒருவர் பெயரில் வாங்கியதை, யார் வேண்டுமானாலும் ஓட்டும் வண்டியில் விட்டுவைத்தால் வீட்டில் உள்ள எல்லோரையும் அந்த வாதத்துக்குள் இழுத்து விடுகிறோம்.

இதே பிரிவில் வந்த ரிஹைஃப் வழக்கு 2019-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. மாணவர் விசாவில் வந்தவர், படிப்பு நின்றுபோனதால் விசா நிலை போய்விட்டது; ஃபுளோரிடாவில் ஒரு ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. ஆனால் அதற்குள் கீழ்க் கோர்ட்டில் தண்டனையே பெற்றுவிட்டிருந்தார்.

கிரீன் கார்டுக்காரர்கள் நிம்மதியாக இருக்கலாம் என்றும் நினைக்க வேண்டாம். சட்டத்தை மீறித் துப்பாக்கி வைத்திருந்ததாகவோ எடுத்துச் சென்றதாகவோ தண்டனை பெற்றால், அதையே காரணமாக வைத்து நாடுகடத்தலாம் என்று குடியேற்றச் சட்டத்தில் தனிப் பிரிவே இருக்கிறது. குடிமகன் வக்கீலுக்குக் கொடுத்து, அபராதம் கட்டி, வீட்டுக்குப் போய்விடுவான். நமக்கு அதற்கப்புறம் குடியேற்ற நீதிமன்றம் என்று இன்னொரு சுற்று பாக்கி இருக்கும். காரில் துப்பாக்கி வைக்கும்போது நாம் பணயம் வைப்பது அடுத்த வீட்டுக்காரர் வைப்பதைவிடப் பெரியது. மற்ற ஒப்பீடெல்லாம் இதற்குப் பிறகுதான்.

கிளவ் பாக்ஸ் யாருக்கு வசதி?

டெக்சஸில் 2007 முதலே, உரிமம் இல்லாதவரும் தன் சொந்தக் காரில் கைத்துப்பாக்கியை வெளியே தெரியாமல் வைத்துக்கொள்ளலாம். 2021 செப்டம்பர் 1 முதல், தகுதி உள்ளவர் உரிமம் இல்லாமலே பொதுவெளியில் எடுத்துச் செல்லலாம். காரில் வெளியே தெரிகிற மாதிரி இருந்தால் ஹோல்ஸ்டர் என்ற உறைக்குள் இருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால் 'சட்டப்படி சரிதானே' என்ற கேள்விக்கு அங்கே பதில் பெரும்பாலும் ஆம். என் தயக்கம் சட்டத்தைப் பற்றியது இல்லை.

ஒரு திருடன் எப்படி வேலை செய்கிறான் என்று பாருங்கள். விடியற்காலை மூன்று மணி, அபார்ட்மென்ட் பார்க்கிங். வரிசையாக ஒவ்வொரு கார்க் கதவின் பிடியையும் இழுத்துப் பார்த்துக்கொண்டே நடக்கிறான். திறந்தால் உள்ளே கை. திறக்காவிட்டால் பெரும்பாலும் அடுத்த கார். கண்ணில் ஏதாவது பட்டால்தான் கண்ணாடி உடையும். பின் ஜன்னலில் துப்பாக்கிக் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அவனுக்கு அது விலாசம் எழுதிய கடிதம். ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கான் துண்டு ஒன்றை வீசினால் பக்கவாட்டுக் கண்ணாடி பெரிய சத்தமில்லாமல் பொலபொலவென்று உதிர்ந்துவிடும். கிளவ் பாக்ஸ் பூட்டு என்று நாம் நம்புவது ஒரு பிளாஸ்டிக் நாக்கு. ஸ்க்ரூ டிரைவரை ஓரத்தில் விட்டு நெம்பினால் மூடி கையோடு வரும். கண்ணாடியில் ஆரம்பித்து இதுவரை ஒரு நிமிஷம்கூட ஆகாது. டெஸ்லாக்காரர்கள் கிளவ் பாக்ஸுக்கு பின் நம்பர் போட்டிருப்பதாகப் பெருமையாகச் சொல்வார்கள். நம்பர் திரையில்தான் இருக்கிறது, மூடி அதே பிளாஸ்டிக்தான். அந்தக் காரின் காவல் கேமரா (சென்ட்ரி மோட்) திருடனின் தொப்பியை நல்ல தெளிவாகப் படம் பிடித்துக் கொடுக்கும்.

2022-ல் 337 நகரங்களில் திருடு போனதாகப் புகார் வந்த துப்பாக்கிகள் ஏறக்குறைய 1,12,000. அவற்றில் பாதிக்கு மேல், சுமார் 62,000, கார்களிலிருந்து போனவை. பத்து வருடம் முன்பு இது கால்வாசிக்கும் குறைவு. கணக்கெடுத்தது எவ்ரிடவுன், ஆயுதக் கட்டுப்பாடு வேண்டும் என்று போராடும் அமைப்பு. அதை நினைவில் வைத்தே படிக்கலாம். ஆனால் எண்கள் போலீஸ் துறைகள் எஃப்.பி.ஐ.க்குக் கொடுத்தவை. துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான ஏ.டி.எஃப். தனியாக எடுத்த கணக்கில், 2017 முதல் 2021 வரை தனிநபர்களிடமிருந்து திருடு போனதாகப் பதிவானவை பத்து லட்சத்துக்கும் மேல். நாஷ்வில் போலீசார் அந்த வாரம் கார்களிலிருந்து எத்தனை துப்பாக்கி போயின என்று வாராவாரம் அறிவிக்கும் அளவுக்கு விஷயம் முற்றியிருக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. துப்பாக்கிக்குத் தடை உள்ள இடங்களின் பார்க்கிங்கில்தான் துப்பாக்கிகள் அதிகம் கிடக்கும். ஸ்டேடியத்துக்குள் கொண்டுபோக முடியாது, எனவே ஆயிரக்கணக்கான கார்களில் எத்தனையோ பேர் விட்டுவிட்டு உள்ளே போயிருப்பார்கள். ஆட்டம் மூன்று மணி நேரம். ஜிம், மலையேற்றப் பாதை தொடங்கும் இடம், நெடுஞ்சாலை ஓர ஹோட்டல் எல்லாம் இதே கதை. இது நமக்குத் தெரிந்ததைவிடத் திருடர்களுக்கு நன்றாகத் தெரியும்.

திருடு போன துப்பாக்கி என்ன ஆகும் என்பதற்கு, அமெரிக்காவில் எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் சான் பிரான்சிஸ்கோ. 2015 ஜூன் கடைசியில், மத்திய அரசின் நில நிர்வாகத் துறை அதிகாரி ஒருவரின் காரிலிருந்து கைத்துப்பாக்கி திருடு போனது. சில நாள் கழித்து, ஜூலை 1 அன்று, பியர் 14 என்ற கடலோர நடைமேடையில் அப்பாவோடு நடந்துகொண்டிருந்த கேட் ஸ்டைன்லி என்ற இளம்பெண் அதே துப்பாக்கியின் குண்டு பட்டு இறந்தார். சுட்டவர் ஆவணங்கள் இல்லாத குடியேறி என்பதால் அரசியல் முழுக்க அந்தப் பக்கம் போய்விட்டது. காரில் விட்டுவைத்த துப்பாக்கி என்ற பாதியைப் பேசியவர்கள் குறைவு. கலிஃபோர்னியா மட்டும் அடுத்த ஆண்டே சட்டம் போட்டது: ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கியை விட்டால், போலீஸ்காரராக இருந்தாலும், டிக்கியிலோ பூட்டிய பெட்டியிலோ வைத்திருக்க வேண்டும். கொலராடோவில் 2025 ஜனவரி 1 முதல் கார் பூட்டியிருக்க வேண்டும், துப்பாக்கி கெட்டியான பூட்டிய பெட்டிக்குள், வெளியே தெரியாத இடத்தில் இருக்க வேண்டும்.

திருட்டை ஒதுக்கி வைத்தாலும் சீட்டுக்கடி சரிப்படாது. 2016 மார்ச்சில் ஃபுளோரிடாவில், வண்டி ஓட்டிக்கொண்டிருந்த தாயைப் பின்னால் உட்கார்ந்திருந்த நான்கு வயது மகன் சுட்டான். துப்பாக்கி முன் சீட்டுக்கடியிலிருந்து நழுவிப் பின்னால் வந்திருந்தது. அவர் பிழைத்தார். அடுத்த மாதம் மில்வாக்கியில் அதே மாதிரி. குழந்தைக்கு இரண்டு வயது, தாய் இறந்துபோனார். அவர் ஓட்டிக்கொண்டிருந்த கார் அவருடையதுகூட இல்லை. பிரேக் போடும் ஒவ்வொரு தடவையும் சீட்டுக்கடியில் இருப்பது நகர்கிறது என்பது, டிபன் பாக்ஸ் உருண்டு வந்த அனுபவம் உள்ள எல்லோருக்கும் தெரியும்.

போலீஸ் நிறுத்தும் நேரத்தையும் யோசித்துப் பாருங்கள். பின்னால் சிவப்பு நீல விளக்கு. ஓரங்கட்டுகிறீர்கள். உரிமம், இன்ஷூரன்ஸ் கார்டு கேட்கிறார். கார்டு எங்கே? கிளவ் பாக்ஸில். துப்பாக்கி எங்கே? அதே கிளவ் பாக்ஸில், கார்டுக்கு மேலே. 2016 ஜூலையில் மினசோட்டாவில் போலீஸ் காரை நிறுத்தியபோது, ஃபிலாண்டோ கஸ்டீல் என்ற கறுப்பினத்தவர் தன்னிடம் துப்பாக்கி இருப்பதைத் தானே முன்கூட்டிச் சொன்னார். அதற்கான உரிமமும் அவரிடம் இருந்தது. அடுத்த சில நொடிகளில் போலீஸ்காரர் ஏழு தடவை சுட்டார், கஸ்டீல் இறந்துபோனார். சுட்ட போலீஸ்காரரை 2017-ல் ஜூரி விடுவித்தது. கஸ்டீலின் துப்பாக்கி இருந்தது பாக்கெட்டில், கிளவ் பாக்ஸில் இல்லை. ஆனால் இருட்டில், நம் நிறத்தில் ஒரு கை எங்கே போகிறது என்பதைப் பார்க்கும் கண் அதேதான். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இன்ஷூரன்ஸ் கார்டை சன்வைசருக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று கோபம். ஹார்வர்டின் டேவிட் ஹெமன்வேயும் சகாக்களும் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், காரில் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மற்றவர்களைவிடக் கெட்ட சைகை காட்டுவதும் முரட்டுத்தனமாகப் பின்தொடர்வதும் அதிகம் என்று தெரிந்தது. துப்பாக்கி ஆளை அப்படி ஆக்குகிறதா, அப்படிப்பட்ட ஆள்தான் துப்பாக்கியைக் காரில் வைக்கிறானா என்பதை அந்த ஆய்வை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் நம்மில் சாலையில் பல்லைக் கடிப்பவர்கள் யார் என்று அவரவர் மனைவிக்குத் தெரியும். அவர்களிடம் கேட்டுவிட்டு முடிவெடுக்கலாம்.

இரும்புப் பெட்டியும் அதன் எல்லையும்

கடையில் கிடைப்பவை இரண்டு ரகம். ஒன்று, தடித்த புத்தகம் அளவுள்ள சின்ன எஃகுப் பெட்டி. கூடவே பிளாஸ்டிக் உறை போட்ட எஃகுக் கம்பிக் கயிறு. கயிற்றைச் சீட்டு நகரும் தண்டவாளத்துக்கடியில் சுற்றி, அதன் காதுக்குள்ளேயே நுழைத்து இழுத்து, முனையைப் பெட்டியின் பக்கத் துளையில் மாட்டி மூடினால், பெட்டியைத் திறக்காமல் கயிறு கழலாது. சில பத்து டாலரில் முடிந்துவிடும். இன்னொன்று, குறிப்பிட்ட கார் மாடலின் கன்சோலுக்கென்றே செய்து, அதன் அடியில் போல்ட் போட்டு இறுக்கும் பெட்டகம். இதற்குச் சில நூறு டாலர் ஆகும், ஆனால் மூடியைத் திறந்து பார்க்கிறவனுக்கு முழுக்க இரும்பே தெரியும்.

கம்பிக் கயிறு போல்ட் கட்டருக்கு முன்னால் நிற்காது. ஆனால் கதவுப் பிடியை இழுத்துக்கொண்டு போகிறவன் போல்ட் கட்டரோடு வருவதில்லை. அவன் நம்பியிருப்பது நம் சோம்பேறித்தனத்தை. ஒரு நிமிஷ வேலையை ஐந்து நிமிஷ வேலையாக ஆக்குவதற்கு மட்டுமே பெட்டி. பூட்டில் எண் சுழற்றுவதோ பட்டன் அழுத்துவதோ உள்ளதை வாங்குங்கள். விரல் ரேகை வைப்பது விளம்பரத்தில் நன்றாக இருக்கும். ஆகஸ்ட் மாத ஹூஸ்டனில் வியர்த்த விரலுக்கு அது திறப்பது அதன் மனநிலையைப் பொறுத்தது, பாட்டரியும் அந்தச் சூட்டில் சீக்கிரம் போகும்.

காரே போய்விட்டால் பெட்டியும் சேர்ந்து போகும். இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாமல் இன்ஜின் ஓடாமல் தடுக்கும் கருவி) இல்லாமல் வந்த 2021 வரையிலான பல ஹூண்டாய், கியா மாடல்களை ஒரு யூ.எஸ்.பி. கம்பியை வைத்துப் பையன்கள் ஓட்டிக்கொண்டு போன கதை எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்த வண்டி வைத்திருப்பவர்கள் இரண்டாவது வழியை யோசிக்கவே வேண்டாம்.

பெட்டியைப் பயன்படுத்தும் முறை பெட்டியைவிட முக்கியம். ஜிம் வாசலில் வண்டியை நிறுத்தி, குனிந்து, சட்டையைத் தூக்கி, எதையோ சீட்டுக்கடியில் வைத்துவிட்டு நிமிர்ந்தால், பார்க்கிங்கில் இருப்பவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டு உள்ளே போகிறோம் என்று அர்த்தம். வைப்பதாக இருந்தால் வருவதற்கு முன்பே, வேறொரு இடத்தில் நிறுத்தி வைத்துவிட வேண்டும். வைக்கும்போது துப்பாக்கியை ஹோல்ஸ்டரிலிருந்து உருவக்கூடாது. ஹோல்ஸ்டரோடு கழற்றி அப்படியே உள்ளே வைக்க வேண்டும். நெருக்கமான இடத்தில் உருவிச் செருகும்போதுதான் விரலோ துணியோ டிரிகரில் மாட்டும்.

சூட்டைப் பற்றியும் கேட்பார்கள். வெயிலில் நிற்கும் கார் உள்ளே 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். தோட்டா அந்தச் சூட்டில் தானாக வெடிக்காது, அதற்கு இன்னும் எவ்வளவோ வேண்டும். ஆனால் மாதக்கணக்கில் சூடேறி ஆறினால் வெடிமருந்தின் தரம் கெடும், எண்ணெய் வற்றும், ஈரக்காற்று உள்ள ஊரில் துரு பிடிக்கும். காரிலேயே குடியிருக்கும் துப்பாக்கி, தேவைப்படும் நாளில் வேலை செய்யுமா என்பதும் சந்தேகம்தான்.

உடம்போடு வைத்திருந்தால்

காரில் இருக்கும் துப்பாக்கி காருக்குள் உட்கார்ந்திருக்கும்போது மட்டுமே நமக்கு உதவும். ஆனால் நாம் பயப்படும் இடங்களை எண்ணிப் பாருங்கள்: கேஸ் போட இறங்கி நிற்பது, ஏ.டி.எம்., பார்க்கிங்கிலிருந்து கதவு வரை நடப்பது. எல்லாமே காருக்கு வெளியே. காருக்குள் இருக்கும்போது வலது காலுக்கடியில் இருக்கும் ஆக்சிலரேட்டரைவிடச் சீக்கிரம் ஆபத்திலிருந்து விலக்கும் கருவி கிளவ் பாக்ஸில் இல்லை. டிக்கியில் பூட்டி வைத்தால் திருடனுக்கும் கிடைக்காது, நமக்கும் கிடைக்காது. பத்திரம் கூடக் கூடப் பயன் குறைகிறது, பயன் கூடக் கூடப் பத்திரம் போகிறது. காரை வைத்து இந்த முடிச்சை அவிழ்க்க முடியாது. உடம்போடு வைத்திருப்பவருக்கு மட்டும் இது ஓரளவு அவிழ்கிறது.

ஆனால் அதற்குப் பயிற்சி வேண்டும், தினசரி ஒழுக்கம் வேண்டும். டெக்சஸில் உரிமம் இல்லாமல் எடுத்துப்போகலாம் என்றாலும் எல்.டி.சி. என்ற, கைத்துப்பாக்கி எடுத்துச் செல்வதற்கான மாநில உரிமத்தை வாங்கிவிடுவது நல்லது. கட்டணம் 40 டாலர், நான்கிலிருந்து ஆறு மணி நேர வகுப்பு, ஒரு சுடும் தேர்வு. அதனால் கிடைக்கும் பெரிய லாபம் பிள்ளையைப் பள்ளியில் விடும்போதுதான் தெரியும். மத்திய அரசின் பள்ளி மண்டலச் சட்டம், பள்ளியைச் சுற்றி 1,000 அடிக்குள் துப்பாக்கியைத் தடுக்கிறது. அந்த மாநிலத்தின் உரிமம் பெற்றவருக்கு விலக்கு. குண்டு போடாமல் பூட்டிய பெட்டியில் இருந்தாலும் விலக்கு. மாநிலம் உரிமம் தேவையில்லை என்று சொன்னதை நம்பி, கன்சோலில் குண்டு போட்ட துப்பாக்கியோடு பள்ளி வரிசையில் நிற்கும் அப்பா, எழுத்துப்படி பார்த்தால் மத்தியச் சட்டத்தை மீறிக்கொண்டிருக்கிறார். இதற்காக வழக்குப் போடுவது அபூர்வம். அபூர்வம் என்ற ஒரு சொல்லை நம்பி கிரீன் கார்டை வைக்கலாமா என்பது அவரவர் இஷ்டம்.

ஆபீஸ் விஷயத்தில் சட்டம் ஊழியர் பக்கம் சாய்ந்திருக்கிறது. ஓக்லஹோமாவில் ஒரு காகித ஆலையின் பார்க்கிங்கில் கார்களைச் சோதித்து, துப்பாக்கி வைத்திருந்த ஊழியர்களை 2002-ல் வேலையைவிட்டு அனுப்பியதில் தொடங்கியது இது. 2004-ல் அங்கே சட்டம் வந்தது. ஃபுளோரிடாவில் 2008, டெக்சஸில் 2011. பூட்டிய சொந்தக் காரில் சட்டப்படி வைத்திருக்கும் துப்பாக்கிக்காக முதலாளி தடை போட முடியாது. (ஃபுளோரிடாவில் வெடிபொருள் அனுமதி பெற்ற நிறுவனங்களுக்கு விலக்கு இருந்தது. வாணவேடிக்கை நடத்துகிறோமே என்று டிஸ்னி அந்த விலக்கைப் பிடித்துக்கொண்டது.) டெக்சஸிலும் ஓட்டைகள் உண்டு: கம்பெனி கார், சில சுத்திகரிப்பு ஆலைகள், ரசாயன ஆலைகள். ஹூஸ்டன் பக்கம் ஆலைகளில் வேலை பார்க்கும் நம் ஆட்கள் கேட்டில் நுழைவதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும். தபால் ஆபீஸில் உள்ளே மட்டுமில்லை, அவர்கள் பார்க்கிங்கிலும் தடை என்பதுதான் தபால் துறை விதி. 2015-ல் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சரி என்றது. பார்சல் அனுப்புகிற நாளில் வண்டியைத் தெருவில் நிறுத்தினால் போதும்.

உடம்போடு வைப்பதில் நடைமுறைத் தொல்லையும் உண்டு. வேட்டி சட்டையில் முடியாது, சேலையில் அதைவிட முடியாது. ஹேண்ட்பேகில் போட்டால், பேகை எங்கே வைத்தோம் என்று நாளெல்லாம் காவல் காக்க வேண்டும். பக்கத்தில் குழந்தை இருந்தால் அந்த யோசனையே வேண்டாம். கோயில், கல்யாணம், பிறந்தநாள் விருந்து என்று வார இறுதி முழுக்கப் போகும் குடும்பத்துக்கு, எடுப்பதும் வைப்பதுமே வேலையாகிவிடும். அப்படி எடுத்து வைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு தவறுக்கு இடம் இருக்கிறது. ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை காரில் விட்டுவிட்டு இறங்க வேண்டியிருக்கும் என்றால், அன்றைக்கு எடுக்காமல் இருப்பதே மேல்.

வீட்டு சேஃப்

இதில் சொல்ல அதிகம் இல்லை, அதுதான் இதன் அழகு. ரேஞ்சுக்குப் போகும் நாளில் குண்டை எடுத்துவிட்டு, பூட்டிய பெட்டியில் டிக்கியில் வைத்து, நேரே போய் நேரே வருவது. வழியில் ஷாப்பிங் இல்லை, சாப்பாடு இல்லை. ரைஃபிள், ஷாட்கன் எல்லாவற்றுக்கும் இதே விதி. நீளமான துப்பாக்கியைக் காரில் இரவில் விடுவதற்கு வேட்டை முகாமில்கூட நியாயம் கிடையாது.

மாநிலம் தாண்டினால் 1986-ம் ஆண்டு மத்தியச் சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது: புறப்படும் இடத்திலும் சேரும் இடத்திலும் உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருந்தால், இடையில் உள்ள மாநிலங்களைக் கடந்து போகலாம். குண்டு போட்டிருக்கக் கூடாது, இருக்கைப் பகுதியிலிருந்து எட்டக் கூடாது. தனி டிக்கி இல்லாத எஸ்.யு.வி. என்றால் பூட்டிய பெட்டி வேண்டும். கிளவ் பாக்ஸும் கன்சோலும் பெட்டி ஆகாது என்று சட்டமே எழுதி வைத்திருக்கிறது. இரவு ஹோட்டலில் தங்கினால் பெட்டியை அறைக்குக் கொண்டுபோகத் தோதாக ஒரு சாதாரணப் பையில் வைத்திருங்கள். வேலட் பார்க்கிங்குக்கோ மெக்கானிக்குக்கோ சாவி கொடுக்கும் நாளில் துப்பாக்கி வீட்டில்.

எந்த வழியானாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. துப்பாக்கியின் சீரியல் நம்பரைப் படமெடுத்து, போனில் மட்டும் இல்லாமல் வீட்டில் வேறொரு இடத்திலும் வைத்திருங்கள். திருடு போனால் போலீஸ் அந்த நம்பரை நாடு முழுவதற்குமான எஃப்.பி.ஐ. பட்டியலில் ஏற்ற முடியும். நம்பர் இல்லாமல் 'கறுப்பு நிற 9 எம்.எம்.' என்று சொன்னால் எழுதிக்கொள்வார்கள், அவ்வளவுதான். கார் இன்ஷூரன்ஸ் உடைந்த கண்ணாடியோடு நின்றுவிடும். உள்ளே இருந்த பொருளுக்கு வீட்டு இன்ஷூரன்ஸோ, வாடகைக்கு இருப்பவர் எடுக்கும் ரென்டர்ஸ் இன்ஷூரன்ஸோதான், அதிலும் துப்பாக்கிக்கு ஓர் உச்சவரம்பு இருக்கும். பாலிசியை எடுத்து அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.